என் அக்கா பேரு போதும்பொண்ணு

போன தை மாசம் என் நாலாவது அக்காவைக் கூட்டிக்கிட்டு உசிலம்பட்டிக்கு இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். மாமா இறந்து ஒரு வருசம் ஆச்சு. விதவை பென்ஷனுக்கு எழுதிப் போடணும். ரேஷன் கார்டு, ஆதார், ஓட்டு அட்டை, பேங்க் பாஸ்புக் எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில சுருட்டி மடியில வச்சுக்கிட்டு அக்கா உக்காந்திருந்துச்சு.

கம்ப்யூட்டர் முன்னாடி இருந்த தம்பி எல்லாத்தையும் வாங்கிப் பார்த்தான். ரெண்டு அட்டையைத் தனியா எடுத்து வச்சான்.

"அம்மா, ரேஷன் கார்டுல மூணு சுழி 'ண' போட்டு 'போதும்பொண்ணு'ன்னு இருக்கு. ஆதார்ல ரெண்டு சுழி 'ன' போட்டு 'போதும்பொன்னு'ன்னு இருக்கு. எது சரி?"

அக்கா அவனைப் பார்த்துச்சு. "என் தலைச்சுழியே எனக்குத் தெரியலையேய்யா. இந்தச் சுழியை நான் எங்க கண்டேன்?"

பக்கத்துல நின்ன நாலு பேரும் சிரிச்சாங்க. அந்தத் தம்பியும் சிரிச்சுட்டு, கொஞ்சம் தயங்கி, "இது பேராம்மா, இல்ல பட்டப்பேரா?"ன்னு கேட்டான். வெளியூர்ப் பையன் போல. எங்க பக்கத்துப் பையனா இருந்தா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான்.

நகரத்துல இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கும் அதே சந்தேகம் வரலாம். பேரேதான். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் பக்கத்துக் கிராமங்கள்ல நாப்பது வயசுக்கு மேலான பொம்பளைங்களைக் கேட்டுப் பாருங்க, ஊருக்கு ரெண்டு போதும்பொண்ணாவது இருப்பாங்க. எங்க ஊர்ல நூறு நாள் வேலைக்குப் பேர் வாசிக்கும்போது 'போதும்பொண்ணு'ன்னு கூப்பிட்டா மூணு பேர் 'இருக்கேன்'னு சொல்லுவாங்க. அதனால 'மேலத்தெரு போதும்பொண்ணு', 'டெய்லர் வீட்டுப் போதும்பொண்ணு'ன்னு அடையாளம் சேர்த்துக் கூப்பிடுவாங்க. உள்ளாட்சித் தேர்தல் வந்தா சுவர்லயும் இந்தப் பேரைப் பார்க்கலாம்.

அர்த்தம் சொல்ல அகராதி வேண்டாம். பொண்ணு போதும். இதுக்கு மேல பொண்ணு வேண்டாம், அடுத்தது பையனாக் குடு சாமி. அவ்வளவுதான். மற்ற பேரெல்லாம் பிள்ளையைக் கூப்பிட வச்சது. இது சாமியைக் கூப்பிட வச்சது. பிள்ளை வாசல்ல விளையாடும்போது ஒரு நாளைக்கு இருபது தடவை அதைக் கூப்பிடுவோமே, அந்த இருபது தடவையும் மனு போட்ட மாதிரி.

இதுக்குச் சொந்தக்காரப் பேர்கள் நிறைய இருக்கு. 'போதுமணி'ன்னு வைப்பாங்க. 'வேண்டாமிர்தம்'னு வைப்பாங்க, கேட்க அமிர்தம் மாதிரி இருக்கும், உள்ளே 'வேண்டாம்' உக்காந்திருக்கும். திருத்தணி பக்கம் நாராயணபுரத்துல மூடி மறைக்காம 'வேண்டாம்'னே பொண்ணுங்களுக்குப் பேர் வைக்கிற வழக்கம் இருந்ததை சில வருசத்துக்கு முன்னாடி பத்திரிகைகள் எழுதுச்சு.

இது படிக்காத கிராமத்து ஜனங்க வேலைன்னு நினைச்சிட வேண்டாம். படிச்ச, வசதியான குடும்பங்கள்ல 'மங்களம்', 'சம்பூர்ணம்'னு பாட்டிமார் பேர் இருக்கும். கச்சேரி முடியும்போது பாடுறது மங்களம். சம்பூர்ணம்னா நிறைவு. கடைசிப் பொண்ணு இதோட நிறையட்டும்னு வச்ச பேரா அதுல எத்தனையோ உண்டு. கேக்குற வரம் ஒண்ணுதான், அவங்க சமஸ்கிருதத்துல கேட்டாங்க, நாங்க தமிழ்ல கேட்டோம்.

மராட்டிய நாட்டுல 'நகுசா'ன்னு வைப்பாங்களாம், வேண்டாதவள்னு அர்த்தம். சதாரா மாவட்டத்துல 2011-ல விழா எடுத்து அந்தப் பேர் வச்ச பொண்ணுங்க இருநூத்து எண்பதுக்கும் மேல பேருக்குப் புதுப் பேர் வச்சாங்க. சீனாவுல 'ஜாவ்தி'ன்னு ஒரு பேர் உண்டு, 'தம்பியைக் கூட்டிட்டு வா'ன்னு அர்த்தம். இதெல்லாம் என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவ மதுரையில காலேஜ் படிக்கிறா.

கிராமத்துப் பேர்கள்ல இன்னொரு வகை இருக்கு, அதையும் இதையும் ஒண்ணாச் சேர்த்துப் பேசுறவங்க உண்டு. பிச்சை, குப்பன், குப்பம்மா, மண்ணாங்கட்டி. முன்னாடி பிறந்த பிள்ளைங்க தங்காமச் செத்துப்போன வீட்டுல, அடுத்துப் பிறந்ததைக் குப்பையில உருட்டி எடுத்தோ, தவிட்டுக்கு வித்து வாங்கினதாச் சொல்லியோ இப்படிப் பேர் வைப்பாங்க. எமன் வந்து பார்த்தாலும் 'இது குப்பை, நமக்கெதுக்கு'ன்னு போயிடுவானாம். கேட்க அசிங்கமா இருந்தாலும் அது பொத்திப் பாதுகாக்க வச்ச பேரு. இந்தப் பிள்ளை இருக்கணும்னு வச்சது. போதும்பொண்ணு அப்படி இல்லை. அது இன்னொரு பிள்ளை வரணும்னு வச்சது.

அந்த இன்னொரு பிள்ளை நான்.

எங்க அப்பா அம்மாவுக்கு முதல்ல பிறந்தது பேச்சியம்மா, குலசாமி பேரு. ரெண்டாவது ராமாயி, அப்பத்தாவைப் பெத்தவங்க பேரு. மூணாவது முத்துலட்சுமி. மூணு வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் யோசிச்சுப் பேர் வச்சிருக்காங்க. 1966-ல நாலாவதும் பொண்ணு. பருத்தி எடுப்பு நேரம். அப்பா தோட்டத்துக் கொட்டகையிலேயே மூணு நாள் தங்கிட்டாராம், வீட்டுக்கு வரலை. சேனை தொட்டு வச்சது அப்பத்தாதான். தொட்டு வச்ச கையோட, "போதும்த்தா. போதும்பொண்ணுன்னே கூப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருச்சாம். 'அஞ்சு பொண்ணு பெத்தா அரசனும் ஆண்டி'ன்னு சொல்ற ஊரு. நாலு ஆயிருச்சு. நாங்க அரசனும் இல்லை.

அம்மாவை யாரும் அடிக்கலை, திட்டலைன்னு சொல்லுவாங்க. ஆனா அம்மா ஒரு தடவை என்கிட்ட சொல்லுச்சு, "அவ பேரை யாரு கூப்பிட்டாலும் எனக்கு என்னையச் சொன்ன மாதிரியே இருக்கும்"னு. பிறக்கிறது ஆணா பொண்ணான்னு முடிவாகிறது அப்பன் கிட்ட இருந்து வர்ற குரோமோசோம்லன்னு என் மகள் படிக்கும்போதுதான் எனக்கே விளங்குச்சு. அதைத் தெரிஞ்சுக்காமலேயே அம்மா போயிருச்சு.

மூணு வருசம் கழிச்சு நான் பிறந்தேன். பேர் பலிச்சிருச்சுன்னு ஊரே சொல்லுச்சு. அதுக்கப்புறம் எங்க தெருவுல ரெண்டு வீட்டுல அதே பேரை வச்சாங்க. அதுல ஒரு வீட்டுல போதும்பொண்ணுக்கு அப்புறமும் ரெண்டு பொண்ணு வந்துச்சு. அந்தக் கதையை யாரும் சொல்ல மாட்டாங்க. எங்க வீட்டுக் கதையைத்தான் சொல்லுவாங்க. பலிச்ச வீட்டுக் கதை மட்டும் ஊர் ஊராப் போகும், இந்தப் பேர் பரவினதும் அப்படித்தான்னு நினைக்கிறேன். நாணயம் சுண்டிப் பார்க்கிற மாதிரி பாதிக்குப் பாதி. நாலு பொண்ணுக்கு அப்புறமும் அதே பாதிக்குப் பாதிதான்.

இப்ப இந்தப் பேர் குறைஞ்சு போச்சு. எங்க ஊர் பள்ளிக்கூடத்துல இன்னைக்கு ஒரு போதும்பொண்ணு கிடையாது. அங்கன்வாடியில வர்ஷா, ஹன்சிகா, தியா, யாழினிதான். பெத்தவங்க போன்ல பார்த்துப் பேர் எடுக்கிறாங்க. நாலு, அஞ்சு பிள்ளை பெத்த காலம் போய் ரெண்டுன்னு ஆனதுக்கு அப்புறம் இந்தப் பேருக்கு வீட்டுல இடமே இல்லை. நாலாவது பொண்ணுன்னு ஒருத்தி இருந்தாத்தானே இந்தப் பேர் வைக்க முடியும்?

ஆனா இதை முழுசா நல்ல சேதியா எடுத்துக்க எனக்கு வாய் வரலை. எங்க உசிலம்பட்டி பேர் நாடு முழுக்கத் தெரிஞ்சது 1986-ல. பொண்ணாப் பிறந்தா கள்ளிப்பால் கொடுத்துக் கொல்ற ஊருன்னு ஒரு ஆங்கிலப் பத்திரிகை அட்டைப்பட கட்டுரை போட்டுச்சு. அப்ப எனக்குப் பதினேழு வயசு. வெளியூர்ல எந்த ஊருன்னு கேட்டா மதுரைன்னு சொல்லிப் பழகினேன். 1992-ல அரசாங்கம் சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிச்சுச்சு. 1994-ல 'கருத்தம்மா' படம் வந்துச்சு, எங்க ஊர்ல பார்த்தவங்க யாரும் வீட்டுக்கு வந்து அதைப் பத்திப் பேசலை. அதே வருசம்தான் கருவுல இருக்கிறது ஆணா பொண்ணான்னு பார்த்துச் சொல்லக் கூடாதுன்னு சட்டமும் வந்துச்சு. சட்டம் வந்தும் ஊர்ப்பக்கம் ஸ்கேன் வண்டியெல்லாம் வந்துட்டுத்தான் இருந்துச்சுன்னு பொம்பளைங்க பேசிக்குவாங்க. 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல ஆறு வயசு வரைக்குமான ஆயிரம் பையன்களுக்கு 943 பொண்ணுங்க.

அந்தக் கணக்கைப் பார்க்கும்போது எனக்குத் தோணுறது இதுதான். போதும்பொண்ணுன்னு பேர் வச்ச வீட்டுல, வேண்டாம்னு நினைச்சாலும் அந்தப் பொண்ணை வளர்த்தாங்க. பால் கொடுத்தாங்க, காது குத்தினாங்க, கட்டிக் கொடுத்தாங்க. பேர் காயம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா காயத்தோட உயிரோட இருக்கிற பொம்பளைங்க அவங்க. பேரே இல்லாமப் போன பொண்ணுங்களும் அதே தெருவுல உண்டு.

அக்காவுக்கு வருவோம். மூணு வயசு வித்தியாசம்தான், இருந்தாலும் என்னைய இடுப்புல தூக்கிச் சுமந்தது அதுதான். மூணாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போச்சு. நான் பள்ளிக்கூடம் சேர்ந்ததும் ஆடு மேய்க்க ஆள் இல்லைன்னு அதை நிறுத்திட்டாங்க. நான் எஸ்எஸ்எல்சி வரைக்கும் படிச்சேன். இந்த எழுத்தெல்லாம் அந்தப் படிப்புதான். 1985-ல அக்காவை வாலாந்தூர் பக்கம் கட்டிக் கொடுத்தோம். கல்யாணப் பத்திரிகையில 'பொன்னுத்தாய்'னு மாத்திப் போடலாமான்னு அப்பா அச்சகத்துல நின்னு யோசிச்சாராம். அப்பத்தா ஒத்துக்கலை. ஏன்னு அப்ப எனக்குப் புரியலை.

1996-ல அப்பா இறந்தார். ரெண்டு ஏக்கர் நாப்பது சென்ட் மானாவாரி, ஒரு கிணறு. மோட்டாருக்குக் கடன் வாங்கணும்னா பட்டா என் ஒருத்தன் பேர்ல இருக்கணும்னு சொன்னாங்க. தமிழ்நாட்டுல 1989-லயே பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் சமபங்குன்னு சட்டம் வந்தாச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு அது இல்லை. எங்க அக்காமார் நாலு பேரும் முன்னாடியே ஆனவங்க. 2005-ல மத்திய சட்டத்தைத் திருத்தித்தான் அந்த வித்தியாசத்தை எடுத்தாங்க. ஆனாலும் அப்பாவோட பங்குல வாரிசுங்கிற முறையில அவங்களுக்குப் பாத்தியதை இருந்துச்சு. அதனால 1998-ல நாலு பேரையும் சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போய் விடுதலைப் பத்திரம் எழுதினோம்.

பத்திரம் எழுதுறவர் சத்தமா வாசிச்சார். மேற்படி சொத்துல இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லைன்னு ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி வாசிச்சார். கடைசியா அக்கா பேர். மூணு பேர் ரேகை வச்சாங்க. அக்கா மட்டும் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுச்சு. அந்த நீளப் பேரை எழுத அஞ்சு நிமிசம் ஆச்சு. வெளிய வந்ததும் நான் ஹோட்டல்ல எல்லாருக்கும் புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு சேலை எடுத்தேன். அன்னைக்கு அது எனக்குப் பெரிய செலவாத் தெரிஞ்சுச்சு.

இ-சேவை மையத்துல இருந்து வந்த அன்னைக்கு ராத்திரி அக்கா எங்க வீட்டுல தங்குச்சு. என் மகளும் லீவுக்கு வந்திருந்தா. நடந்ததைச் சொன்னதும் அவளுக்குக் கோவம்.

"எதுக்கு அத்தை எழுத்துப்பிழையைத் திருத்திக்கிட்டு? பேரையே மாத்திருவோம். விண்ணப்பம் வாங்கிப் பூர்த்தி பண்ணிப் பணம் கட்டினா அரசிதழ்ல போடுவாங்க. அப்புறம் ஆதார், ரேஷன் கார்டு எல்லாத்துலயும் மாத்திக்கலாம். பொன்னின்னு வச்சுக்கோங்க. காவேரிக்கே அதான் பேரு. நம்ம சாப்பிடுற அரிசிக்கும் அதான் பேரு."

"அரிசிப் பேரை வச்சா நல்லா விலை போவேனா?"ன்னு அக்கா சிரிச்சுச்சு.

"வெளையாடாதீங்க அத்தை. ஆதார்ல தப்பா விழுந்த ரெண்டு சுழி 'ன' கூட நல்லதுதான். பொன்னுன்னா தங்கம்."

"தங்கம் போதும்னு எவளாச்சும் சொல்லுவாளா? அது இன்னும் பொய்யால்ல இருக்கு."

மகள் விடலை. நானும் சேர்ந்துக்கிட்டேன். செலவை நான் பாத்துக்கிறேன், ஒரு தடவை அலைஞ்சா முடிஞ்சுரும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் அக்கா பேசலை. கடலையை உடைச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் மகளைப் பார்த்துச் சொல்லுச்சு.

"நான் பள்ளிக்கூடத்துல சேரும்போதே வாத்தியார் கேட்டாரு ஆத்தா. செல்வின்னு மாத்தி எழுதவான்னு. எனக்கும் ஆசைதான். அப்பத்தா வாத்தியார் காலைத் தொடாத குறையாக் கேட்டுச்சு, மாத்திராதீங்க சாமின்னு. இந்தப் பேருக்குத்தான் தம்பி வந்தான், பேரை எடுத்துட்டா தம்பிக்கு ஆகாதுன்னுச்சு. என்னைய குலசாமி கோயில்ல நிறுத்திச் சத்தியம் வாங்குச்சு. அப்ப எனக்கு அஞ்சு வயசு, உங்கப்பனுக்கு ரெண்டு. அவனுக்கு வேற அடிக்கடி காய்ச்சல் வரும்."

நான் கேட்டேன், "இவ்வளவு நாள் அதை நம்பிட்டா இருந்த?"

"நம்பலைடா. நம்பாம மாத்தி, நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா? நான் யாருகிட்டப் போய்ச் சொல்லுவேன்? இருந்துட்டுப் போகட்டும். அம்பது வருசத்துக்கு மேல கூப்பிட்டாச்சு. எனக்கு அந்த அர்த்தமெல்லாம் காதுல விழுறதே இல்லை. நீ கூப்பிடுற அக்காங்கிறதுதான் என் பேரு."

மகள் அழுதுட்டா. நான் எந்திரிச்சு வாசலுக்கு வந்துட்டேன். எனக்கு இப்ப அம்பத்தி நாலு வயசு. எனக்கு வந்த காய்ச்சல், வண்டியில விழுந்தது, கிணத்துல இறங்கினது எல்லாத்துக்கும் வாலாந்தூர்ல ஒருத்தி ஒரு பேரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்கு. எனக்குத் தெரியவே தெரியாது.

மறுவாரம் போய் எழுத்துப்பிழையை மட்டும் திருத்த எழுதிக் கொடுத்தோம். மூணு சுழி 'ண'தான் சரின்னு அக்காவே அந்தத் தம்பிகிட்ட சொல்லுச்சு. சுழி எழுதக் கத்துக்கிட்டு வந்திருந்துச்சு. பென்ஷன் மனு தாலுகா ஆபீசுல இருக்கு, இன்னும் வரலை.

திரும்பி வரும்போது பஸ்ல என் மகள் என் காது கிட்டக் கேட்டா. "அத்தை உங்களுக்காகப் பேரையே வச்சிருக்காங்க. அவங்க பங்கு நிலம் யார் பேர்ல இருக்குப்பா?"

கிணத்தை ஒட்டி நாப்பது சென்ட் இருக்கு. கடலை நல்லா வரும். தான செட்டில்மென்ட் எழுதினா என்ன செலவாகும்னு பத்திரம் எழுதுறவரைக் கேட்டு வச்சிருக்கேன். வீட்டுல பேசணும். என் பையன் ஒத்துக்கணும். மத்த மூணு அக்காமாரும் இருக்காங்க, அவங்களுக்கு என்ன சொல்றதுன்னு இருக்கு. இந்தக் காரணமெல்லாம் உண்மைதான். ஆனா 1998-ல அவங்க நாலு பேரும் கையெழுத்துப் போட எனக்கு ஒரே ஒரு நாள்தான் ஆச்சு. அதையும் சேர்த்துச் சொல்லணும்.

இதை எழுதுற இன்னைக்கு வரைக்கும் அந்த நிலம் என் பேர்லதான் இருக்கு.